குரல் எழாமல் கிடக்கும் சில்டாவுக்கு

போர்ட்லண்ட், ஜமைக்கா
1950 நவம்பர்

அன்பு மகள் சில்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன், வேளைக்கு ஒரு வாய் சாப்பிடுகிறேன், நீயும் அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். நலம் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. அந்த வெள்ளைக்காரன் ஊரில் உன்னோடு தங்கியிருக்கும் டிரினிடாட் பெண் மார்வா எனக்கு எழுதியது நேற்றுதான் கைக்கு வந்தது. என் தந்தி கிடைத்த நாளிலிருந்து நீ அறைக்குள்ளேயே கிடக்கிறாய் என்றும், பேச வாயைத் திறந்தால் காற்று வருகிறதே தவிர சத்தம் வரவில்லை என்றும், வைத்தியர் வந்து பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் எழுதியிருக்கிறாள். வானொலி நிலையத்துக்கு நீ போவதில்லை, நாடகக் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து வாசலோடு திரும்பிப் போனார்கள் என்றும் எழுதியிருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், என் ஆசியை அவளிடம் சொல். உன்னால் சொல்ல முடியாவிட்டால் இந்த வரியை அவளிடம் காட்டு.

நீ அனுப்பிய தந்தியில் இரண்டே கேள்விதான் இருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டாளா, ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதைக் கேட்டீர்களா. அதற்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. தந்தியில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமா இது. உட்கார்ந்து முழுசாக எழுத வேண்டும் என்று பார்த்தால், பேனாவை எடுக்கும்போதெல்லாம் கோழிக்குத் தீனி வைக்கவில்லையே, கூரைத் தகரம் பெயர்ந்து கிடக்கிறதே என்று எழுந்து எழுந்து போய்விட்டேன். இன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், உன் மனம் ஆறும் என்று ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நான் பூசி மெழுகிவிட்டால் அது உனக்குத் தெரியாமலா போகும், அடுத்தவர் குரலை வைத்தே அவர் மனதைச் சொல்லுகிறவள் நீ.

மழை பிடித்தது திங்கட்கிழமை. உன் பிள்ளை வினெட் தொண்டை வலிக்கிறது என்றாள், நான் இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் இல்லை என்று சந்தோஷமாகப் படுக்கையில் கிடந்தாள். செவ்வாயும் அப்படித்தான், கொஞ்சம் காய்ச்சல், ஆனாலும் நான் சடை போடும்போது வழக்கம்போல என்னைத் திட்டினாள். ஒரு சடை மேலே நிற்கும், ஒன்று காதுக்குக் கீழே தொங்கும். “தாத்தா, நீ தண்டவாளத்தை மட்டும் நேரா போடுற, என் தலைன்னா கோணிடுது” என்று அவள் சொல்லாத நாள் இல்லை. புதன்கிழமை மாலை கழுத்து வீங்கியது, மூச்சில் ஒரு கரகரப்பு வந்தது. நர்ஸ் அம்மா ஆற்றங்கரைப் பக்கம் பிரசவம் பார்க்கப் போனவள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு மறுநாள் விடிந்ததும்தான் வந்து சேர்ந்தாள். கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி உள்ளே பார்த்தவள் முகம் மாறிவிட்டது. தொண்டை அடைப்பான், உடனே ஊசி போட வேண்டும், ஊசி மருந்து போர்ட் அன்டோனியோ ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, இந்த நிமிஷமே கிளம்புங்கள் என்றாள். எப்படிக் கிளம்புவது? சாலையில் மலை சரிந்து கிடந்தது, பாலம் ஒன்று போய்விட்டது, கிங்ஸ்டனிலிருந்து ரயில் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆம்ப்ரோஸ்தான் டிராலி என்று சொன்னான். தண்டவாளம் பழுது பார்க்கிற என் கேங்கில் இருபது வருஷம் சம்மட்டி அடித்தவன் அவன், உனக்கே தெரியும், நீ சின்னவளாக வாழைக்காய்ப் பெட்டி மேல் ஏறி நின்று பாட்டு ஒப்பிக்கும்போது விசில் அடித்துக் கூப்பாடு போடுகிறவன். நாலு பேர் பம்பு அடிக்கிற அந்தக் கை டிராலியை அவனும் பையன்களும் கொட்டகையிலிருந்து தூக்கி வந்து தண்டவாளத்தில் வைத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, மேலிடத்தில் அனுமதி வாங்கவில்லை. நான் என் மழைக்கோட்டில் அவளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கடல் எழும்பி எழும்பி அடித்தது, ஒரு பக்கம் மலையிலிருந்து செம்மண் தண்ணீர் கொட்டியது, அவர்கள் பம்பு அடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு இடத்தில் தண்டவாளத்தின் மேல் மண் மூடிக் கிடந்தது. அங்கே டிராலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கடந்தார்கள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டாவது சரிவில் ஆம்ப்ரோஸின் காலில் கல் உருண்டு விழுந்து விரல் நசுங்கிவிட்டது. அவன் அதை ஆஸ்பத்திரி வாசலில் வந்துதான் காட்டினான்.

இப்போது உன் முதல் கேள்வி. மலையைக் குடைந்த ரயில் குகைக்குள் நுழைந்தபோது மழைச் சத்தம் நின்று அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குமுன் ஒரு மணி நேரமாக அவள் பேசவில்லை, பேச முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். குகையைத் தாண்டி வெளிச்சம் வந்ததும் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். “தாத்தா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?” என்று கேட்டாள். இல்லம்மா, வியாழக்கிழமை என்றேன். “அப்ப நான் தூங்குறேன். ஞாயித்துக்கெழமை எழுப்பிவிடு” என்றாள். சரி என்று சொன்னேன். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அம்மா என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை சில்டா, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன? கோவில் என்றால் ஓடி ஒளிகிறவள். லின் கடை வாசலில் வானொலிப் பெட்டியில் நீ பேசுகிற நாள் என்பதைத் தவிர அவளுக்கு ஞாயிறு என்று வேறு ஒன்றும் கிடையாது. உன்னைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த வழி அது. நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் வைக்கவில்லை. வயதான டாக்டர், நாங்கள் சேறும் சகதியுமாக நின்றதைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஊசி போட்டார்கள், மூச்சு வர வேண்டும் என்று கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. நான் பிழைத்துவிட்டாள் என்று நினைத்து வெளியே போய் ஆம்ப்ரோஸிடம் சொல்லிவிட்டும் வந்தேன். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மத்தியானம் மழை விட்டது. விஷம் இதயத்துக்கு ஏறிவிட்டது, ஊசி ஒரு நாள் முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். துடித்தாளா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பாய். வழியில் கஷ்டப்பட்டாள். கடைசியில் இல்லை. விரலின் பிடி தளர்ந்ததை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது.

வந்த வழியே டிராலியில்தான் கொண்டுவந்தோம். சனிக்கிழமை காலை உன் அம்மாவுக்குப் பக்கத்தில், பலா மரத்துக்கு இந்தப் பக்கம் வைத்தோம். மழையில் அந்த மரம் சாய்ந்துவிட்டது, ஆனால் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. உனக்கு உடனே தந்தி கொடுக்கவில்லையே என்று நீ நினைக்கலாம். கம்பங்கள் எல்லாம் விழுந்து கிடந்தன, திங்கட்கிழமைதான் கம்பி சரியானது, போஸ்ட்மாஸ்டர் முதல் தந்தியாக உன்னுடையதைத்தான் அனுப்பினார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்றும் தெரியாமல் பேசும்படி ஆயிற்று. அதில் உன் தப்பு எதுவும் இல்லை, என் தப்பும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் உன் இரண்டாவது கேள்வி. கேட்டோம் மகளே. சாயங்காலம் ஆனதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு லின் கடைக்குக் கிளம்பினேன். உன் சிப்போரா அத்தை வாசலை மறித்து நின்றாள். நேத்துத்தான் பிள்ளையை மண்ணில் வைத்திருக்கிறோம், இன்னைக்குப் பாட்டுப் பெட்டி கேட்கப் போகிறாயா, ஊர் காறித் துப்பாதா என்றாள். நான் வினெட்டிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன், போய்த்தான் ஆக வேண்டும் என்றேன். அவள் அப்போதுதான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள். உனக்கு யார் வழியாகவாவது அரைகுறையாக வந்து சேருவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். “பெத்தவ பவுடர் பூசிக்கிட்டு வெள்ளைக்காரன் ஊர்ல ஆடிக்கிட்டிருந்தா புள்ள எப்படிண்ணே தங்கும்?” என்றாள். முற்றத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் கோபப்படவில்லை. “உன் ஜோசுவாவுக்கும் இதே நோய்தான் சிப்போரா. நீ எங்கயும் போகல, அவன் தலைமாட்டுலதான் உக்காந்திருந்த. அவன் தங்கினானா?” என்று கேட்டேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் போன பிள்ளைக்காக அன்றைக்கு அவள் அழுத மாதிரி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாளும் என் அடுப்பை அவள்தான் பார்த்தாள், ஒன்பதாம் நாள் துக்கப் பாட்டுக்கு வந்த ஊர் ஜனத்துக்கு மீன் பொரித்ததும் காபி கலந்ததும் அவள்தான். அவள் மேல் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. இதை நான் எழுதியது உன்னை நீயே இப்போது அந்த வார்த்தையால்தான் அடித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரிவதால்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கும் பிள்ளை தங்கவில்லை. இதை நீ தினமும் ஒரு தரம் நினைத்துக்கொள்.

லின் கடை வாசலில் எப்போதும் போலக் கூட்டம். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். லின் பெட்டியைப் போடாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தான். போடு என்று சொன்னேன். முதலில் நர்ஸ் வேலைக்குப் போன பெண்கள், படிக்கப் போன பையன்கள் எல்லோரும் ஊருக்குச் சொல்லி அனுப்பிய சேதிகளை நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய், உன் குரல் நன்றாக இருந்தது, சிரித்துக்கொண்டே பேசினாய். அப்புறம் நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. “வினெட் கண்ணு, இந்த வாரம் உனக்கு ஏழு வயசு. தாத்தாகிட்ட சொல்லி ரெண்டு சடையையும் ஒரே உயரத்துல போடச் சொல்லு. அம்மா இப்பக் கதை சொல்லப்போறேன், முன்னால வந்து உக்காரு.” லின் பெட்டியை நிறுத்தப் போனான். “விடு லின். கதை முடியட்டும்” என்றேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நீ கோழியும் கீரியும் வழக்குக்குப் போன கதையைச் சொன்னாய். கோழி சாட்சி சொல்லுகிற இடத்தில் நீ அந்தக் குரலைப் போட்டதும் படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், சிரித்துவிட்டு என்னைப் பார்த்துப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரியுங்கடா, உங்களுக்காகத்தான் சொல்கிறாள் என்றேன். அதன்பிறகு கதை முடிகிறவரை அவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பெரியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றோம். உன் பேச்சு வீணாகப் போய்விட்டது, செத்த பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேனே என்று நீ நினைத்து நினைத்துத்தான் தொண்டை அடைத்துக் கிடக்கிறாய் என்று மார்வா எழுதியதைப் படித்ததும் புரிந்தது. அது வீணாகவில்லை. அன்றைக்கு எங்களோடு வீட்டு மனுஷியாக அங்கே நின்றவள் நீ. அடக்கத்துக்கு வர முடியாதவள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனாள் என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் நீ உடம்பு சரியில்லாமல் இருப்பதாகச் சொல்லிவிட்டுச் சேதிகளை மட்டும் வாசித்தார். நம் ஊர்ப் பெயர்களை எல்லாம் கடித்துத் துப்பினார். கதை கிடையாது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

உன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள். தட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ‘சரிங்க அம்மா’ என்று சொல்லிவிட்டுப் போகிற வேடம்தான் நீ போன முதல் இரண்டு வருஷமும் உனக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாய் என்று நீ எழுதியதைப் படித்து நான் சிரித்ததுண்டு, வயிறு எரிந்ததும் உண்டு. அப்புறம் வானொலியில் உட்கார்ந்தாய். அந்த நிலையத்தில் நம் நிறத்துப் பெண் ஒருத்தி பேசியது அதுதான் முதல் தடவை என்று கிங்ஸ்டன் பத்திரிகையில் வந்தது. முதலில் கொஞ்ச நாள் நீ அவர்களைப் போலவே மூக்கால் பேசினாய், இங்கே எல்லோரும் நம்ம சில்டாவா இது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு திடீரென்று நம் சந்தைப் பேச்சில் ‘என்னப்பா, எப்படி இருக்கீங்க எல்லாரும்’ என்று ஆரம்பித்தாய் பார், ஆம்ப்ரோஸ் தொப்பியைத் தூக்கிக் கூரை மேல் எறிந்துவிட்டான். அந்தப் பேச்சுக்காக மேலே இருப்பவர்களிடம் நீ எவ்வளவு மல்லுக்கட்டினாய் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வருகிற ஜனவரியில் அரசி வேடம், பெரிய மேடை, நம் பெண்களில் யாரும் இதுவரை ஏறாத மேடை. வந்து நின்றவர்களை நீ திருப்பி அனுப்பிவிட்டாய்.

அந்த மேடைக்குப் போ என்றோ போகாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். இங்கே வந்தால் பார்க்க என்ன இருக்கிறது என்று முதலில் எழுதத் தொடங்கினேன், பிறகு அடித்துவிட்டேன், அது எனக்கே பொய்யாகப் பட்டது. அவள் படுக்கையைச் சுருட்டி வைக்க என்னால் முடியவில்லை. காலையில் சீப்பைக் கையில் எடுத்துவிட்டு நிற்கிறேன். அவள் தகப்பன் கியூபாவில் எங்கே இருக்கிறான் என்று இன்னும் தெரியவில்லை, இந்தத் துக்கத்தைப் பங்குபோட எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை. நீ வந்து என் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். அதே நேரம், நீ வாயைத் திறக்காத ஊமையாக இங்கே வந்து கிடந்தால் நான் இரண்டு பேரையும் புதைத்தவன் ஆவேன். அதனால் எங்கே இருப்பது என்பதை நீயே முடிவு பண்ணு, எதுவானாலும் உன் அப்பாவுக்குச் சம்மதம்.

நான் கேட்பது ஒன்றுதான். நீ இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று மார்வா எழுதியிருக்கிறாள். அழு மகளே. மார்வாவைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிற அளவுக்கு, நம் பெண்கள் சாவு வீட்டில் அழுகிற மாதிரி ஓங்கி அழு. குரல் முதலில் அதற்குத்தான் வரும், அப்புறம் மற்றதற்கு வரும். வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளி, காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள், அந்த ஊர்க் குளிரில் வெறும் வயிற்றோடு இருக்காதே. சேப்பங்கிழங்கு கிடைக்காது என்று தெரியும், உருளைக்கிழங்காவது வேகவைத்துத் தின்னு. சிப்போரா அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், வேறு ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போய்விட்டாள், அதையும் எழுதிவிட்டேன். ஆம்ப்ரோஸுக்கு விரல் ஆறிவருகிறது.

ஆண்டவர் உன்மேல் கை வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசியும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லின் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பேன், கப்பல் வருகிற நாட்களில் ஸ்டேஷனுக்கும் போய் நிற்பேன். பெட்டியிலிருந்து பேசினாலும் சரி, ரயிலிலிருந்து இறங்கி அப்பா என்று கூப்பிட்டாலும் சரி. இரண்டும் இல்லாமல் மட்டும் இருந்துவிடாதே சில்டா, எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, அந்தக் காதில் விழ இந்த வீட்டில் இனி ஒரு குரலும் இல்லை.

உன் அப்பா
எசேக்கியா பின்னக்